பூவாறு பொழியில் ஒன்றரை மணி நேரம்: ஒரு படகுச் சவாரியின் நிறைகுறைகள்

கேரள எல்லையோரப் பாறசாலையில் குடியிருக்கும் எங்களுக்கு, நெய்யாறு கடலில் சேரும் பொழிமுகமான பூவாறு அரை மணி நேரத் தொலைவுதான். இருந்தும், வெளியூர் விருந்தினர் வந்தால் அழைத்துச் சென்று கரையில் நின்றுவிட்டுத் திரும்புவதே எங்கள் வழக்கமாக இருந்தது. துபாயில் ஒரே அறையில் பல ஆண்டுகள் தங்கியிருந்து, இப்போது ஊரோடு வந்துவிட்ட நண்பர்கள் நால்வரும் சென்ற மாதம் ஒரு ஞாயிறு காலையில்தான் முதன்முதலாக எங்களுக்கென்று ஒரு படகை அமர்த்திக்கொண்டோம். சவாரி மனத்துக்கு நிறைவாகவே இருந்தது. ஆனால் படகுத்துறையில் கழிந்த முதல் பத்து நிமிடங்களைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது.

நாங்கள் சென்ற தனியார் துறையில் கட்டணப் பலகை இல்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு முதலில் 3,500 ரூபாய் என்றார்கள். நாங்கள் இந்தப் பக்கத்துப் பேச்சில் பேசத் தொடங்கியதும் அது 2,000 ஆயிற்று. எங்களுக்கு அது ஆதாயம்தான். ஆனால் மதுரையிலிருந்து குழந்தைகளோடு வந்து அருகில் நின்ற குடும்பம், முதலில் கேட்ட தொகையையே கொடுத்துவிட்டுப் படகேறியதைப் பார்த்தபோது மனம் கசந்தது.

அப்போது எங்கள் நால்வருக்கும் ஒருசேர நினைவுக்கு வந்தது துபாய்க் கழிமுகத்தின் அப்ராதான். தேராவுக்கும் பர் துபாய்க்கும் இடையே ஓடும் அந்த மரப்படகில் நடுவே ஒரு நீளப் பலகை இருக்கும். சுமார் இருபது பேர் முதுகோடு முதுகு ஒட்டி, தண்ணீரைப் பார்த்தபடி அமர்வார்கள். ஆள் நிறைந்ததும் படகு கிளம்பிவிடும். கட்டணம் 1 திர்ஹம். கட்டட வேலைக்குப் போகிறவருக்கும், கேமராவோடு வந்த ஐரோப்பியருக்கும் அதே 1 திர்ஹம்தான். பேரம் என்ற பேச்சே கிடையாது. வெள்ளிக்கிழமை மாலைகளில் வேறு செலவுக்குக் கையில் பணமில்லாத நாங்கள், டீசல் புகையும் தேரா மசாலாக் கடைகளின் ஏலக்காய் மணமும் கலந்து வீசும் அந்தக் காற்றுக்காகவே இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருவோம். அந்த நேர்மையைத்தான் பூவாற்றிலும் எதிர்பார்த்தோம்.

படகு நகர்ந்த பிறகு குறை சொல்ல எதுவும் இல்லை. இதற்கு முழுக் காரணம் படகோட்டியே. பூவாற்றில் பிறந்து வளர்ந்த அவர், அகத்திய மலையில் பிறந்து வரும் நெய்யாறு எந்த இடத்தில் ஆழம், எந்த இடத்தில் மணல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். ஏ.வி.எம். கால்வாயின் பக்கம் வந்ததும் வேகத்தைக் குறைத்து, தம் தாத்தா அவ்வழியே வள்ளத்தில் கதம்பல் (தேங்காய் மட்டை) ஏற்றிச் சென்ற கதையைச் சொன்னார். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் என்னும் முழுப்பெயர் கொண்ட அந்த நீர்வழி, திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் நோக்கில் 1860-இல் திருவிதாங்கூர் மன்னராட்சியில் தொடங்கப்பட்டது. 1956-இல் விளவங்கோடு வட்டம் தமிழகத்தோடு சேர்ந்து, நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தோடு நின்றபோது, கால்வாயும் எங்கள் உறவினர் வீடுகளைப் போலவே எல்லைக்கு இருபுறமுமாகப் பிரிந்துபோனது. இன்று அது பல இடங்களில் தூர்ந்து கிடப்பதைக் கண்டு எங்களுக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

கண்டல் (அலையாத்தி) மரங்களுக்கிடையே நுழைந்ததும், நாங்கள் கேளாமலேயே அவர் எஞ்சினை நிறுத்தினார். வேர்களில் தண்ணீர் மோதும் சத்தம் மட்டும் கேட்டது. கை நீட்டினால் எட்டும் கிளையொன்றில் அமர்ந்திருந்த மீன்கொத்தி, அலகில் துடித்த மீனைக் கிளையில் இரண்டு முறை அடித்து, தலைப்பக்கம் உள்ளே போகும்படி திருப்பி விழுங்கியது. கொடுத்த பணம் அந்த ஒரு காட்சிக்கே சரியாகப் போயிற்று என்பேன்.

பொழிமுகத்தில் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு நீண்டு கிடக்கிறது. கோடையில் பொழி அடைத்துக்கொள்ளும், மழைக்காலத்தில் முறிந்துவிடும் என்று படகோட்டி விளக்கினார். மணலில் இறங்கி நடக்கலாம்; ஆனால் கரையை ஒட்டியே கடல் சரிவாக ஆழமாகிவிடுவதால், குளிக்க ஆசைப்படுவது ஆபத்து.

திரும்பும் வழியில் மிதக்கும் உணவகம் ஒன்றில் படகை ஒதுக்கினார்கள். மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்கறியும் ருசியாக இருந்தாலும், ஊர்க்கடை விலையைப் போல இரண்டு மடங்கு.

விலையைவிட என்னை உறுத்தியது லைஃப் ஜாக்கெட். எல்லோருக்கும் கொடுத்தார்கள் என்பது நல்லதுதான். ஆனால் எனக்குக் கிடைத்ததில் கொக்கி உடைந்திருந்தது. கயிற்றால் முடிச்சுப் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். குழந்தைகளுக்கான அளவில் ஒன்றுகூட இல்லை. மதுரைக் குடும்பத்தின் சின்னப் பெண்ணுக்குப் பெரியவர்களின் ஜாக்கெட்டையே மாட்டியிருந்தார்கள். அவள் உட்கார்ந்ததும் அது காதுவரை ஏறி நின்றது.

போக விரும்புவோர் காலை எட்டு மணிக்குள் துறைக்கு வந்துவிடுங்கள்; வெயிலும் கூட்டமும் ஏறிய பிறகு பறவைகளைக் காண்பது அரிது. நேரத்தையும் தொகையையும் உறுதி செய்துகொண்ட பின்னரே படகில் கால் வையுங்கள். சிறிய படகையே கேளுங்கள், கண்டல் காட்டுக்குள் எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். நண்பர்களோடு நான் மீண்டும் போவேன், அதே படகோட்டியையே தேடிப் போவேன். பேரப்பிள்ளைகளை மட்டும், அவர்கள் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் வாங்கி வைத்திருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஏற்றுவேன்.