வீட்டு ஸ்பின் பைக்: ஒரு வருடம் ஓடிய பிறகு தெரிவது

கடையில் ஸ்பின் பைக்கை, அதாவது நின்ற இடத்திலேயே மிதிக்கும் உடற்பயிற்சி சைக்கிளைக் காட்டுபவர் முதலில் பேசுவது ஃப்ளைவீலின் (மிதித்தால் சுழலும் கனமான சக்கரத்தின்) எடையைப் பற்றி, அடுத்து திரையைப் பற்றி. ஒரு வருடம் ஓட்டிய பிறகு இரண்டுமே அவ்வளவு பெரிதாகத் தெரியாது. சீட்டை மேலே கீழே மட்டுமல்லாமல் முன்னே பின்னேயும் நகர்த்த முடிகிறதா, சக்கரத்துக்குச் சுமை தரும் பிரேக் உராய்வா காந்தமா, போல்ட்டுகளில் வியர்வை இறங்காமல் பார்த்துக்கொள்கிறோமா என்பவைதான் வண்டி ஓடுமா, துணி காயப்போடும் ஸ்டாண்ட் ஆகுமா என்பதை முடிவு செய்கின்றன.

வண்டியைப் பூட்டும்போதே பலர் கோட்டை விடும் இடம் பெடல். வலது பெடலை வழக்கம்போல வலப்பக்கம் சுற்றி முடுக்க வேண்டும். இடது பெடலுக்கு மறை (திருகும் வரி) தலைகீழ். இடப்பக்கம் சுற்றினால்தான் ஏறும். அச்சில் எல், ஆர் என்று பொறித்திருக்கும், பாருங்கள். முதல் மூன்று நான்கு சுற்று வெறும் கையாலேயே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மறை கோணலாகப் பிடித்திருக்கிறது; ஸ்பேனரைத் தொடாமல் கழற்றி மறுபடி வையுங்கள். கடைசி முடுக்குக்கு 15 மி.மீ. ஸ்பேனர் போதும். ஒரு வாரம் ஓட்டியதும் இன்னொரு முறை முடுக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்று சத்தம் வந்தால், புது வண்டி, போகப் போகச் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். தளர்ந்த பெடல், அதைத் தாங்கும் கிராங்க் கம்பியின் மறையைத் தின்றுவிடும். அப்புறம் பெடலை மாற்றிப் பயனில்லை, கிராங்க்கையே மாற்ற வேண்டும்.

அடுத்தது சீட் உயரம். வண்டிக்குப் பக்கத்தில் நின்றால் சீட் இடுப்பெலும்பு மட்டத்துக்கு வர வேண்டும், இது தோராயம்தான். ஏறி உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள்: கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தை வைத்து ஓட்டும்போது முழங்கால் தானாகவே லேசாக மடங்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். அதிகம் உயர்ந்திருந்தால் பின்பக்கம் வலிக்கும், இடுப்பும் இரு பக்கம் ஆடும். தண்டில் உள்ள எல்லைக் கோட்டைத் தாண்டி உயர்த்தவே கூடாது. முன்பின் நகர்த்துவதற்குக் கணக்கு இது: பெடல்கள் தரைக்கு இணையாக நிற்கும்போது, முன்னால் இருக்கும் முழங்கால் பெடல் அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும். ஹேண்டில்பாரைத் தொடக்கத்தில் சீட்டைவிடச் சற்று உயரமாகவே வைக்கலாம். பந்தய வீரர் மாதிரி குனிவதெல்லாம் பிறகு.

உட்காரும் இடம் முதல் இரண்டு மூன்று வாரம் வலிக்கத்தான் செய்யும். மெத்தென்ற ஜெல் உறை வாங்கிப் போடுவதைவிட, பேட் வைத்த சைக்கிளிங் ஷார்ட்ஸ் நல்லது. உறை நழுவி நழுவித் தொடையை உரசும். ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை வேண்டாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதினைந்து இருபது நொடி எழுந்து நின்று மிதித்தால் ரத்த ஓட்டம் சீராகும். கால்விரல் மரத்துப்போனால் பெடல் பட்டையைத் தளர்த்துங்கள்.

பெரும்பாலான ஸ்பின் பைக்குகளில் ஃப்ளைவீலும் பெடலும் ஒன்றாகவே சுழலும். மிதிப்பதைச் சட்டென்று நிறுத்தினால் சக்கரம் காலை இழுத்துக்கொண்டு போகும். நிறுத்த வேண்டுமென்றால் நடுவில் உள்ள குமிழை அழுத்துங்கள், அதுதான் பிரேக். இதே காரணத்தால்தான் சுமையே இல்லாமல் தலைதெறிக்க மிதிப்பதும் ஆபத்து.

ஆரம்பத்தில் வாரம் மூன்று நாள், இருபது நிமிடம் போதும். ஐந்து நிமிடம் லேசாக, பத்து நிமிடம் நிமிடத்துக்கு 70–80 சுற்று, ஐந்து நிமிடம் மறுபடி லேசாக. மூச்சு வாங்கினாலும் ஒரு வாக்கியத்தைத் திக்காமல் சொல்ல முடிகிற அளவுதான் சரியான சுமை. நான்கு வாரம் போன பின், ஒரு நிமிடம் கடினமாக, இரண்டு நிமிடம் எளிதாக என்று ஐந்து முறை சேர்க்கலாம். திரை காட்டும் கலோரியை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டாதீர்கள். சாதாரண மாடல்களில் அது சுற்றுகளை எண்ணிப் போடும் கணக்கு. எவ்வளவு சுமையில் மிதித்தீர்கள் என்பதே அதற்குத் தெரியாது.

உராய்வு பிரேக் மலிவு. ஆனால் சக்கரத்தை உரசும் ஃபெல்ட் (கம்பளி போன்ற தடித்த துணி) பேட் தேயும், காய்ந்தால் கிறீச்சிடும், கருகல் வாடையும் வரும். பேடின்மேல் சில சொட்டு சிலிக்கான் எண்ணெய் விட்டால் அடங்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துத் தூசியைச் சேர்க்கும். காந்த பிரேக்கில் இந்தத் தொல்லையே இல்லை. அடுக்குமாடியில் இருப்பவர்கள் கூடுதல் பணம் கொடுத்தாலும் அதையே வாங்கலாம். அடியில் ரப்பர் மேட் கட்டாயம்.

சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் வண்டியைக் கொல்வது உப்புதான். ஃபேன் இல்லாமல் ஓட்டினால் வியர்வை சொட்டுச் சொட்டாக ஹேண்டில்பார் தண்டின் இடுக்கில் இறங்கும். ஓட்டி முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். மாதம் ஒருமுறை சீட் தண்டு, ஹேண்டில்பார் தண்டு இரண்டையும் வெளியே உருவித் துடைத்து, லேசாக கிரீஸ் தடவிப் பூட்டுங்கள்.

பழைய வண்டி வாங்குவதானாலும் திரையைப் பார்க்க வேண்டாம். சீட் தண்டை முழுசாக உருவிக் காட்டச் சொல்லுங்கள். துருவில் இறுகி வர மறுத்தால் விலையே பேச வேண்டாம்.