சில நூறு எழுத்துகள் போதுமா, முழு ஜீனோமும் வேண்டுமா?

திமிங்கிலம், டால்பின் போன்ற கடற்பாலூட்டிகளின் மரபணு ஆய்வில் பெரும்பாடு மாதிரி எடுப்பதுதான். படகில் பின்தொடர்ந்து போய், குறுக்குவில்லால் சிறு அம்பு எய்து, விரல் நுனியளவு தோலைப் பெறவேண்டும். இல்லையென்றால் ஏதாவது உடல் கரையொதுங்கும்வரை காத்திருக்கவேண்டும். அப்படிக் கிடைத்த துணுக்கின் டிஎன்ஏவை எந்த முறையில் படிப்பது? சில நூறு எழுத்துகளா, ஜீனோம் எனப்படும் மொத்த டிஎன்ஏவுமா? புதிய முறைதான் சிறந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். என் கணக்கு வேறு: முதலில் கேள்வி, அப்புறம் துணுக்கின் நிலைமை, கடைசியில்தான் கருவி.

பழைய முறையிலிருந்தே தொடங்கலாம். செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு; தாயிடமிருந்து மட்டுமே வருவது. அதன் மொத்த நீளமே சுமார் 16,400 எழுத்துகள். அதில் சில நூறை மட்டும் படிப்பார்கள். ஒவ்வொரு செல்லிலும் இதற்கு ஏராளமான பிரதிகள் உண்டு என்பதால் அழுகிய தசையிலும் காய்ந்த இறைச்சியிலும்கூடக் கிடைத்துவிடும். 1993-இல் மரபியல் ஆய்வாளர்கள் ஸ்காட் பேக்கரும் ஸ்டீபன் பலும்பியும் ஜப்பானில் விற்ற திமிங்கில இறைச்சியைச் சோதித்தது இப்படித்தான். அழியும் உயிரினங்களின் வணிகத்துக்கான சர்வதேச விதிகளால் இறைச்சியை எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாது. ஆகவே டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் கையடக்கப் பிசிஆர் கருவியை ஓட்டல் அறையிலேயே வைத்துப் பிரதியெடுத்து, அந்தப் பிரதிகளை மட்டும் எடுத்துச் சென்றார்கள். பாதுகாக்கப்பட்ட இனங்களும், ஓங்கில்களும் அந்த இறைச்சியில் கலந்திருந்தது தெரியவந்தது. ‘இது எந்த இனம்?’ என்பது மட்டுமே கேள்வி என்றால், இன்றும் இதற்குமேல் செலவழிப்பது வீண்.

ஆனால் இது தாய்வழி மட்டுமே பேசும். ஸ்பெர்ம் திமிங்கிலத்தில் பெண்கள் பெரும்பாலும் ஒரு வட்டாரத்திலேயே வாழ, ஆண்கள் பெருங்கடல்களைக் கடந்து திரிகின்றன. மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பார்த்தால் தனித்தனிக் கூட்டங்கள் போலத் தோன்றும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டிஎன்ஏவைப் பார்த்தால் அந்தப் பிரிவு பெரிதும் மங்கிவிடும்.

தனி விலங்கை அடையாளம் காண மைக்ரோசாட்டிலைட் நல்ல கருவி. டிஎன்ஏவில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்கள் இவை; அந்தத் தொடரின் நீளம் விலங்குக்கு விலங்கு மாறும். 1997-இல் வெளியான ஆய்வொன்றில் வட அட்லாண்டிக்கின் கூன்முதுகுத் திமிங்கிலங்களை, அப்படி வெறும் ஆறு இடங்களைக் கொண்டே ஆள் பிரித்துக் காட்டினார்கள். தொல்லை என்னவென்றால், ஒரு ஆய்வகம் அளந்த நீளமும் இன்னொன்று அளந்ததும் நேரடியாகப் பொருந்தாது. பல நாட்டு நீர்களில் திரியும் விலங்குக்கு இது சின்னக் குறை அல்ல.

நடுவில் ராட் (RAD) முறை: நொதியால் டிஎன்ஏவை வெட்டி, வெட்டிய இடங்களை ஒட்டிய பகுதிகளை மட்டும் படிப்பது. ஜீனோமின் ஆயிரக்கணக்கான இடங்களைத் தொட்டுப் பார்க்கும், ஒப்பிட்டுப் பார்க்க முன்பே படித்துவைத்த ஜீனோமும் கட்டாயமில்லை. ஆனால் சிதையாத டிஎன்ஏ வேண்டும். கரையொதுங்கிய உடல்களில் அது அரிது. வரிசைப்படுத்தும் செலவு இவ்வளவு இறங்கிய பிறகு, இதை நான் முதலில் தேர்ந்தெடுக்கமாட்டேன்.

முழு ஜீனோமுக்கு ஈடில்லாத இடமும் உண்டு. கலிபோர்னியா வளைகுடாவில் மட்டுமே வாழும் சிறு கடற்பாலூட்டியான வாகிட்டா பத்துப் பன்னிரண்டே மிஞ்சிய நிலையில், ‘உறவுக்கலப்பால் எப்படியும் அழியப்போகிறது’ என்ற பேச்சு இருந்தது. 1985 முதல் 2017 வரை சேர்த்துவைத்த திசுக்களிலிருந்து 20 ஜீனோம்களைப் படித்து 2022-இல் வெளியான ஆய்வு அதை மறுத்தது. அந்த இனம் நெடுங்காலமாகவே சிறு கூட்டம். அதனால் தீங்கு செய்யும் மரபு மாற்றங்கள் குறைவாகவே தேங்கியிருந்தன. மீன்பிடிக்கும் செவுள் வலையில் சிக்கிச் சாவது முற்றிலும் நின்றால், அழியும் வாய்ப்பு 6 சதவீதமே என்றது கணினி மாதிரி. மறுபக்கம், வட அமெரிக்க மேற்குக் கரையில் ‘தென்வாழ்’ கூட்டம் எனப்படும் ஓர்க்காக்களில் (கொலையாளித் திமிங்கிலங்களில்) உறவுக்கலப்பு ஆயுளையே குறைக்கிறது என்று 2023-இல் முழு ஜீனோம்கள் காட்டின. இரண்டுமே சிறு கூட்டங்கள், விடையோ நேர்மாறு. இதைச் சில நூறு எழுத்துகளால் சொல்லியிருக்கவே முடியாது.

கடல்நீரிலிருந்தே டிஎன்ஏ எடுப்பதையும் சேர்க்கலாம். ஓர்க்கா கடந்துபோன தடத்தில் இரண்டு மணி நேரம்வரை அதன் டிஎன்ஏ பிடிபட்டிருக்கிறது. வந்துபோனதா என்று அறிய அருமையான வழி. யார் யாருக்கு உறவு என்று கேட்டால் திணறும்.

முழு ஜீனோம்தான் என்று முடிவெடுத்தாலும், ஒவ்வொரு எழுத்தையும் எத்தனை முறை படிப்பது என்பதைப் பொறுத்தே செலவு. கூட்டங்களின் பிரிவைப் பார்க்க சராசரியாக இரண்டு, நான்கு முறை போதும். நிறைய விலங்குகளைச் சேர்க்கலாம். தீய மாற்றங்களை எண்ண வேண்டுமென்றால் பதினைந்து, இருபது முறையாவது வேண்டும். அப்போது விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.