பிக்ஸிலினக்ஸ்: எந்த மிஷினுக்கு எந்த ஃபைல்னு மறைக்காம காட்டுற பூட்லோடர்

நெட்வொர்க் வழியா ஓஎஸ் போட நாலஞ்சு டூல் பாத்துட்டேன், எந்த மிஷினுக்கு எந்த கான்ஃபிக் (என்ன பூட் பண்ணணும்னு சொல்ற செட்டிங் ஃபைல்) போகுதுன்னு பளிச்சுன்னு தெரியுறது, நெட்வொர்க் வழியா மிஷின பூட் பண்ற பிக்ஸிலினக்ஸ்ல (PXELINUX) தான். டேட்டாபேஸ் கிடையாது, ரூல்ஸ் எழுத வேணாம், ஒரு ஃபோல்டர், அதுல ஃபைல் பேரு, அவ்ளோதான்.

மிஷின் பூட் ஆகும்போது மொதல்ல அதோட யூயூஐடி (மிஷினோட தனி அடையாள நம்பர்) பேர்ல ஃபைல் கேக்கும், இல்லேன்னா மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டோட நம்பர்), அதுவும் இல்லேன்னா ஐபிய ஹெக்ஸ்ல (16 அடிப்படை எண்முறை) மாத்தி கேக்கும், 192.168.1.10 னா சி0ஏ8010ஏ (C0A8010A). அதுவும் கெடைக்கலேன்னா கடைசி எழுத்த ஒண்ணொண்ணா வெட்டிக்கிட்டே போய் கடைசியா டீஃபால்ட்ங்கிற பொது ஃபைல். இந்த வெட்டுற வேலை அருமை, சி0ஏ8010 னு ஒரே ஃபைல் வெச்சா போதும், 192.168.1.0ல இருந்து 15 வரைக்கும் 16 அட்ரஸுக்கும் அதே தான் போகும். ஹெக்ஸ் கணக்கு போட கெட்ஹோஸ்ட்ஐபின்னு ஒரு குட்டி டூலும் கூடவே வருது.

பேர் விஷயத்துல மட்டும் ரொம்ப கறார். மேக் ஃபைலுக்கு முன்னாடி 01 போடணும், நடுவுல கோலன் போடாம ஹைஃபன் போடணும், எல்லாம் சின்ன எழுத்து, ஆனா ஐபி ஹெக்ஸ் பெரிய எழுத்து. இத மாத்தி வெச்சு அரை நாள் போச்சு எனக்கு, டிஎஃப்டிபி (இந்த ஃபைல்கள அனுப்புற சர்வர்) லாக்க தெறந்தா அது கேட்ட ஒவ்வொரு பேரும் வரிசையா இருந்துச்சு, அப்புறம் அஞ்சு நிமிஷம் தான்.

தயவுசெஞ்சு டீஃபால்ட் ஃபைல்ல ஆட்டோ இன்ஸ்டால் வெக்காதீங்க. ஒரு சர்வர்ல மதர்போர்டு மாத்தினோம், யூயூஐடியும் மேக்கும் மாறிடுச்சு, மேக்க வெச்சு குடுத்திருந்த ஐபியும் போச்சு, நேரா டீஃபால்ட்ல விழுந்து டிஸ்க் மொத்தமும் அழிஞ்சிடுச்சு, பேக்கப் இருந்ததால தப்பிச்சோம். இப்போ டீஃபால்ட்ல லோக்கல் டிஸ்க்ல இருந்து பூட் ஆகுன்னு மட்டும் தான் இருக்கு.

இன்னொரு குறை, பூட் ஆர்டர்ல நெட்வொர்க் மொதல்ல இருந்தா இன்ஸ்டால் முடிஞ்சு ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடியும் இன்ஸ்டால் ஆரம்பிச்சிடும். காப்ளர்ங்கிற இன்ஸ்டால் டூல்ல ஒரு தடவை முடிஞ்சதும் நெட்பூட்ட தானா ஆஃப் பண்ண செட்டிங் இருக்கு, இங்க ஃபைல நாமளே தூக்கணும்.

கடைசி ஸ்டேபிள் வெர்ஷன் 6.03, 2014ல வந்தது. பழைய பயாஸ் மிஷின்ல இன்னிக்கும் கல்லு மாதிரி ஓடுது, யூஇஎஃப்ஐ (பயாஸுக்கு பதிலா வந்த புது முறை) மிஷினுக்கு மட்டும் நான் கிரப்ங்கிற இன்னொரு பூட்லோடருக்கு மாறிட்டேன், அதோட இப்போதைய வெர்ஷன்லயும் மேக், ஐபி ஹெக்ஸ் பேர்ல தேடுற இதே முறை இருக்கு.