தடை விழுந்தவன் திரும்பி வர எவ்வளவு செலவாகும்? வேக், வான்கார்ட்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை எடைபோடுகிறவர்கள் பெரும்பாலும் அது எத்தனை பேரைப் பிடித்தது என்றுதான் கேட்கிறார்கள். கவுண்டர் ஸ்ட்ரைக், வாலரன்ட் ஆகிய இணையத் துப்பாக்கிச்சூட்டு ஆட்டங்களைப் பல ஆண்டுகளாக மாறி மாறி ஆடிவரும் எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. பிடிபட்டவன் மறுநாள் வேறு பெயரில் வந்து நிற்க அவனுக்கு எவ்வளவு செலவாகிறது என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

முதலில் வேக். கவுண்டர் ஸ்ட்ரைக்கை உருவாக்கிய வால்வ் நிறுவனம் 2002 முதல் நடத்திவரும் ஏமாற்றுத் தடுப்பு அமைப்பு இது. ஏற்கெனவே தெரிந்த ஏமாற்று நிரல்களின் அடையாளம் கணினியின் நினைவகத்தில் தென்படுகிறதா என்று தேடும். கண்டுபிடித்தாலும் பெரும்பாலும் அந்த நொடியே வெளியேற்றாது. குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். உடனே தடை போட்டால், எந்தப் பதிப்பு மாட்டிக்கொண்டது என்று ஏமாற்று நிரலை விற்பவனுக்குத் தெரிந்துவிடும். அன்று இரவே திருத்தி விற்பான். காத்திருந்தால் வாங்கியவர்கள் மொத்தமாக வலையில் விழுவார்கள். கணக்கு சரிதான். அந்த இடைவெளியில் அடி வாங்குவது நாம்தான். ஆட்டத்தில் நாம் செத்த பிறகு ஏமாற்றுகிறவனின் திரையைப் பார்த்தால் தெரியும்: சுவருக்கு அந்தப்புறம் நடப்பவனின் தலையோடு குறி ஒட்டிக்கொண்டே நகரும், ஆள் வெளியே வருவதற்கு முன்பே விரல் தயாராக இருக்கும். புகார் கொடுத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போக வேண்டியதுதான். சில வாரங்கள் கழித்து வால்வின் ஆட்டக் கடையான ஸ்டீமில் அவனது பக்கத்தைத் திறந்தால், தடையும் அது விழுந்து எத்தனை நாளாயிற்று என்பதும் சிவப்பு எழுத்தில் நிற்கும். அதைப் பார்ப்பதில் ஓர் அற்ப சந்தோஷம் இருக்கத்தான் செய்கிறது.

இந்தத் தடை நிரந்தரமானது. வாடிக்கையாளர் உதவிப் பிரிவினர்கூட நீக்க முடியாது. அந்த ஆட்டத்தில் சேர்த்த துப்பாக்கி அலங்காரங்களை விற்கவும் முடியாது, மாற்றிக்கொள்ளவும் முடியாது. ஆயிரக்கணக்கில் செலவழித்து அவற்றைச் சேர்த்தவனுக்கு இது பேரிடி. ஆனால் 2018 டிசம்பரில் கவுண்டர் ஸ்ட்ரைக் இலவசமானதும் புதிதாக வருகிறவனுக்கு இழக்க எதுவும் இல்லாமல் போயிற்று. இன்னொரு மின்னஞ்சல் முகவரி போதும். கைபேசி எண்ணை இணைத்து வாங்கும் பிரைம் தகுதிதான் அப்போது வேலியாக நின்றது; அது உள்ளவர்கள் தங்களுக்குள் ஆடலாம். ஓர் எண்ணில் உள்ள ஒரு கணக்கு மாட்டினால் அதே எண்ணில் இணைந்திருக்கும் மற்றக் கணக்குகளும் போகும். 2021 ஜூனில் ஆடி ஆடியே பிரைம் பெறும் வழியையும் மூடிவிட்டு, 14.99 டாலர் கட்டினால்தான் என்று ஆக்கினார்கள். பணம் பிடுங்குகிறார்கள் என்று பலர் கொதித்தார்கள். எனக்கு அது நியாயமாகவே பட்டது. பிரைம் இல்லாத கணக்கில் ஒரு மாலை ஆடி, எதிரே எத்தனை ஏமாற்றுக்காரர்கள் வருகிறார்கள் என்று பார்த்தால் காரணம் புரியும்.

ஏமாற்று நிரல் விற்பவர்களும் திருட்டுப் பிரதிக்குப் பயப்படுகிறார்கள் என்பது இதில் வேடிக்கை. வாங்கியவன் பணம் கட்டினானா என்று சரிபார்க்க அந்த நிரல் தன் முதலாளியின் சர்வரைத் தொடர்புகொள்ளும். 2014இல் வேக் அந்தத் தொடர்பின் தடயத்தைத் தேடியே 570 பேரைப் பிடித்தது. அந்த உத்தி 13 நாள்தான் தாங்கியது என்று வால்வின் தலைவர் கேப் நியூவெல்லே எழுதினார்.

ரயட் நிறுவனத்தின் வான்கார்ட் 2020இல் வாலரன்ட்டோடு வந்தது. ஆட்டம் தொடக்கத்திலிருந்தே இலவசம் என்பதால் கணக்கைத் தடை செய்வதில் பெரிய பயன் இல்லை. ஆகவே கணினியையே தடை செய்கிறார்கள். புதுக் கணக்கோடு வந்தாலும் அதே இயந்திரம் என்றால் கதவு திறக்காது. கூடவே, எதிரி கண்ணில் படும் தறுவாய் வரும்வரை அவன் இருக்கும் இடத்தை சர்வர் நம் கணினிக்கு அனுப்புவதே இல்லை. இல்லாத தகவலை எந்த நிரலும் சுவர் வழியே காட்ட முடியாது. இந்த ஆட்டத்தில் ஏமாற்ற நினைப்பவர்கள் இன்று இரண்டாவது கணினி, நினைவகத்தைப் படிக்கத் தனி அட்டை என்றெல்லாம் வாங்க வேண்டியிருக்கிறது. செலவு ஏறினாலே பாதிப் பேர் கழன்றுவிடுவார்கள்.

அதற்கு ஈடாக நாம் கொடுப்பதும் சிறிதல்ல. விண்டோஸின் மிக ஆழமான அடுக்கில், கணினியை இயக்கிய கணத்திலிருந்து வான்கார்டின் டிரைவர் என்ற துணை நிரல் விழித்திருக்கும். திரையின் மூலையில் உள்ள சின்னத்தை அழுத்தி நிறுத்தலாம். மறுபடி ஆட வேண்டுமென்றால் கணினியை அணைத்துப் போட வேண்டும். நான் அதை ஏற்றுக்கொண்டுதான் ஆடுகிறேன், ஆனால் வங்கி வேலை எதையும் அந்தக் கணினியில் வைத்துக்கொள்வதில்லை.

தவறான தடைகள் உண்டா? உண்டு. 2010இல் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய சுமார் 12,000 பேர் மீது வேக் தவறாகப் பாய்ந்தது. நியூவெல் மன்னிப்புக் கேட்டு, அவர்களுக்கு லெஃப்ட் 4 டெட் 2 ஆட்டத்தை இலவசமாகக் கொடுத்தார். 2023 அக்டோபரில் ஏஎம்டி கிராஃபிக்ஸ் டிரைவரில் வந்த, தாமதத்தைக் குறைக்கும் ஆன்டி-லேக் பிளஸ் வசதியைப் போட்டவர்கள், ஆட்டத்தின் கோப்பில் அது கைவைத்ததால், கவுண்டர் ஸ்ட்ரைக் 2இல் தடைக்கு ஆளானார்கள். பிறகு அந்தத் தடைகள் திரும்பப் பெறப்பட்டன. கூட்டமாக மாட்டினால் மீட்சி உண்டு. தனி ஆளின் பாடு வேறு. என் நண்பர் ஒருவர் வேறொரு கைபேசி ஆட்டத்தில் தடைபட்டு, காரணம் கேட்டு எத்தனையோ முறை எழுதினார். ஒவ்வொரு முறையும் வரி மாறாமல் அதே பதில் வந்தது. கடைசியில் அவர் அந்த ஆட்டத்தையே விட்டுவிட்டார்.

வீட்டில் பகிர்ந்து ஆடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024இல் வந்த ஸ்டீம் குடும்ப வசதியில், உங்கள் பிரதியை ஆடும் குடும்பத்தினர் ஏமாற்றிப் பிடிபட்டால் அந்த ஆட்டத்தில் உங்களுக்கும் தடை விழும். என் தம்பிக்குப் பதினான்கு வயது. எதைத் தரவிறக்குவான் என்று அவனுக்கே தெரியாது. புதிர் ஆட்டங்கள் எல்லாம் அவனுக்குத் திறந்திருக்கின்றன, இணையத்தில் பலரோடு சுடும் ஆட்டங்களை மூடி வைத்திருக்கிறேன். அவற்றில் ஒன்றை அடுத்த தள்ளுபடியில் அவன் பெயரிலேயே வாங்கித் தருவதாகப் பேச்சு.