பழைய கமரா வாங்குகிறீர்களா? கடைக்கு வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள்

கொழும்புப் புறக்கோட்டையில் பாவித்த டிஜிட்டல் கமரா தேடித் திரிகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2000களில் வந்த சின்னக் கமராக்களுக்கு இளம் பிள்ளைகள் ஆலாய்ப் பறக்கத் தொடங்கியதிலிருந்து, அலுமாரி மூலையில் கிடந்ததெல்லாம் தூசி தட்டப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிவிட்டது. விலையும் கூடவே ஏறிவிட்டது. அப்படி ஒன்றில்தான் என் 18,500 ரூபா போனது.

நான் தேடியது கெனன் பவர்ஷொட் ஏ80. 2003இல் வந்த மொடல், 4 மெகாபிக்சல். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் டிஜிட்டல் கமரா அதுதான். நாலு பென்டோர்ச் பற்றரி போட்டால் வேலை செய்யும், நுவரெலியா போனாலும் பெட்டிக் கடையில் பற்றரி வாங்கிக்கொள்ளலாம். திரை ஒன்றரை அங்குலம்தான். "முத்திரை ஒட்டி வச்சிருக்கிறான்" என்று அண்ணா பகிடி பண்ணுவார். ஆனால் அந்தத் திரையை வெளியே இழுத்து எந்தப் பக்கமும் திருப்பலாம். ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும்போது காலி வீதியில் சனம் நெரியும் அல்லவா? கமராவைத் தலைக்கு மேல் தூக்கி, திரையைக் கீழே பார்க்கத் திருப்பிவிட்டு எடுத்தால், முன்னால் நிற்பவர்களின் பின்னந்தலை இல்லாமல் ரதம் முழுதாக விழும். இன்று கையில் இருக்கும் போனில் அப்படி எடுக்க முடியவில்லை என்பதுதான் எனக்குக் குறை. அந்தக் கமரா அக்காவோடு கனடாவுக்குப் போய்விட்டது. சரி, இன்னொன்று வாங்குவோம் என்று கிளம்பினேன்.

முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் ஒரு மாடிக் கடை. பெயர் வேண்டாம். நல்ல ஏசி, நல்ல பேச்சு. "தம்பி, இது சிசிடி. இப்ப வாற கமரா ஒண்டிலயும் இந்தக் கலர் வராது" என்றார் கடைக்காரர். சிசிடி என்பது அந்தக் காலக் கமராக்களுக்குள் ஒளியைப் படமாக மாற்றும் சில்லு. அந்தச் சொல்லுக்கே இப்போது தனி விலை. நிறத்தில் பாதிக்கு மேல் கமராவுக்குள் படத்தைப் பதப்படுத்தும் விதத்தால் வருவது என்பது என் எண்ணம், ஆனால் அதைக் கடையில் நின்று வாதாடி என்ன பயன்? கமராவைப் போட்டுப் பார்த்தேன். லென்ஸ் சத்தமில்லாமல் வெளியே வந்தது, சூம் ஓடியது, பிளாஷ் அடித்தது. எடுத்த படங்களும் சுத்தமாக இருந்தன. கூடவே பழைய 32 எம்பி கார்ட் ஒன்றையும் சும்மா தந்தார். பில்லில் "பாவித்த கமரா 1" என்று மட்டும் எழுதினார்.

மத்தியான வெயிலில் காலிமுகத்திடலுக்குப் போய் முதல் படம் எடுக்கும்போதே திரையில் கடல் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. அதன் மேல் குறுக்கே கோடு கோடாக ஓடியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திரை முழுக்கக் கறுப்பு. கடையில் எடுத்த படங்களைத் திருப்பிப் பார்த்தால் அவை மட்டும் நன்றாகத் தெரிகின்றன, மெனுவும் தெரிகிறது. அன்றிரவு மின்விசிறிக்குக் கீழே வைத்துக் குளிரவிட்டபின் திரும்பவும் உயிர் வந்தது.

இது தெரிந்த நோய். அந்தக் காலத்தில் சோனி செய்து பல கம்பனிகளுக்குக் கொடுத்த சிசிடிகளில், வெப்பமும் ஈரப்பதமும் கூடிய இடங்களில் உள்ளே இருக்கும் இணைப்பு விட்டுப்போகும் குறை இருந்தது. 2005இல் அது வெளியே வந்தபோது கெனன், நிக்கோன், புஜி எல்லாம் அறிவித்தல் விட்டு இலவசமாகத் திருத்திக் கொடுத்தன. கெனன் பட்டியலில் ஏ60, ஏ70, ஏ75 ஆகியவற்றோடு ஏ80யும் இருந்தது. வெப்பமும் ஈரப்பதமும் என்றால் கொழும்பைச் சொன்ன மாதிரித்தான். இப்போது அந்த இலவசத் திருத்தம் எல்லாம் கிடையாது.

இதுவரை கடைக்காரருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அந்தச் சும்மா தந்த கார்ட்டைக் கணினியில் போட்டு, அழிந்த படங்களை மீட்கும் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டேன். வந்தன படங்கள்! அதே கத்தரிப்பூ நிறம், அதே கோடுகள். கோடுகளுக்கு நடுவே அந்தக் கடையின் மேசை, கல்குலேட்டர், சுவரில் அந்த மாதத் தாள் தொங்கும் கலண்டர். கெனன் கமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஓர் இலக்கம் பதிந்து வைக்கும். கடைசி ஊதாப் படத்துக்கு அடுத்த இலக்கத்தில், அதே கடையில் நான் எடுத்துப் பார்த்த முதல் படம் இருந்தது. மின்விசிறி மட்டும் ஓடும் நேரத்தில் எடுத்துப் பார்த்து, பழுது தெரிந்து, அழித்துவிட்டு, ஏசி போட்டு விற்றிருக்கிறார்கள் என்பதுதான் என் கணிப்பு.

படங்களை அச்சடித்துக்கொண்டு போனேன். "வெயில்ல வச்சா எந்தக் கமராவும் அப்பிடித்தான் தம்பி" என்று தொடங்கியவர், தாள்களைக் கண்டதும் "அது வேற கமராவில எடுத்தது" என்றார். படத்துக்குள் பதிந்திருந்த மொடல் பெயரைக் காட்டினேன். "பாவிச்ச சாமானுக்கு நாங்க பொறுப்பில்லை அண்ணா" என்று கல்லாவில் இருந்த பையன் இடையில் புகுந்தான். 1977க்கு அடிக்கிறேன் என்றபோதுதான் குரல் இறங்கியது. அது பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் தொலைபேசி இலக்கம். பேரம் பேசிப் பேசி 10,000 ரூபா திரும்ப வந்தது, கமரா அவர்களிடமே போனது. மிச்சம் 8,500 ரூபா கரைந்ததுதான்.

வாங்குகிறவர்கள் பில்லில் மொடல் பெயரையும் தொடர் இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். பில் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. கார்ட்டில் ஏற்கெனவே இருக்கும் அழகான படங்களைக் காட்டினால் அதை நம்பாதீர்கள். லென்ஸைத் திறந்து திரையில் நேரடிக் காட்சியைப் பாருங்கள், அதுவும் கடை வாசலுக்கு வெளியே, கமராவின் உடம்பு சூடேறும் வரை. வெளியே கொண்டுபோக விடாவிட்டால் அந்தக் கடையே வேண்டாம். ஈ18 என்று எழுத்து வந்தால் லென்ஸ் சிக்கியிருக்கிறது, அதையும் விடுங்கள்.

என்னிடமிருந்து போன ஏ80 போன கிழமை திரும்பவும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, இப்போது 21,000 ரூபா சொல்கிறார்கள். பற்றரி மூடியின் ஓரம் வெடித்து, பசை போட்டு ஒட்டியிருக்கும். அடிப்பக்கத்தில் நீல நிற விலைச்சீட்டைக் கிழித்த தடம் உண்டு. அதைக் கண்டால் வாங்க வேண்டாம்.