மருத்துவமா, இயற்பியலா: வழிகாட்டி மையத்தில் ஒரு மணி நேரம்

மகளை ஒரு தொழில் வழிகாட்டி மையத்துக்கு அழைத்துப் போனேன். முதலில் நீளமான வினாத்தாள். 'ரத்தம் பார்த்தால் தலை சுற்றுமா?' என்ற கேள்வி மட்டும் மூன்று இடத்தில். முடிவில் மருத்துவத்துக்கும் இயற்பியலுக்கும் ஒரே மதிப்பெண்! இதற்கா கட்டணம் என்று எழுந்தே விட்டேன்.

அப்புறம் பேசிய ஆலோசகர்தான் காப்பாற்றினார். சிடி ஸ்கேனுக்காக 1979இல் மருத்துவ நோபல் பெற்றவர்களில் கோர்மாக் இயற்பியலாளர், ஹவுன்ஸ்ஃபீல்டு பொறியாளர். இருவருமே மருத்துவர் இல்லை என்றார். புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சையில் டோஸ் கணக்கிடும் மருத்துவ இயற்பியலாளரின் வேலையையும் விளக்கினார். அதுவரை பேனாவைச் சுழற்றிக்கொண்டிருந்த மகள் அதைக் கீழே வைத்தாள்.

அந்தப் படிப்புக்கு எத்தனை ஆண்டு என்று கேட்டதற்கு மட்டும் 'அறிக்கையில் வரும்' என்றார். வந்த அறிக்கையில் அந்தப் பக்கமே இல்லை. போவதானால் வினாத்தாளை விடுங்கள், நேரே ஆலோசகரைக் கேளுங்கள்.