பொம்மைத் தேருக்கு லட்ச ரூபாய் லென்ஸ் வேண்டுமா? டில்ட் ஷிஃப்ட் வழிகள் ஓர் அலசல்

திருநெல்வேலியில் ஆனித் தேரோட்டம் முடிந்த வாரம் பார்த்தால் எல்லார் போனிலும் பொம்மைத் தேர் ஓடும். மாடியிலிருந்து எடுத்த படம், மேலேயும் கீழேயும் மங்கல், நடுவில் ஒரு பட்டை மட்டும் பளிச்சென்று, கலரைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் போதும், நெல்லையப்பர் தேரே கொலுப்படியில் வைத்த மாதிரி ஆகிவிடும். உடனே கூடவே ஒரு கேள்வியும் வரும். ஆப்பில் செய்தால் போலி, நிஜ டில்ட் ஷிஃப்ட் லென்ஸில் (கேமராவில் மாட்டியபடியே சாய்க்கவும், மேலே கீழே நகர்த்தவும் முடிகிற லென்ஸ்) எடுத்தால்தான் அசல், அப்படித்தானே? பாளையில் எனக்குத் தெரிந்த ஸ்டுடியோ அண்ணாச்சி ஒருவரிடம் இதைக் கேட்டால், "வே, ஒரு நிமிச வேலைக்கு எதுக்குவே லட்ச ரூவா லென்ஸு?" என்பார். அவர் சொல்வது பாதி சரி. பொம்மை எஃபெக்டுக்கு அந்த லென்ஸ் தேவையே இல்லை. ஆனால் அதே லென்ஸை அம்பாசமுத்திரம் வயல்காட்டில் கொண்டுபோய் நிறுத்தினால் வேறு எதுவும் அதன் கிட்டே வர முடியாது. இந்த இரண்டு வேலையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பலருக்குப் பணம் போகிறது.

முதலில், ஏன் பொம்மையாகத் தெரிகிறது? சின்னப் பொருளைக் கிட்டப் போய் எடுத்தால்தான் முன்னும் பின்னும் மங்கும். தூரத்துத் தெருவை எடுத்தால் எல்லாம் தெளிவாகத்தான் விழும். முழுச்சட்ட கேமராவில் (பழைய ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 50 மி.மீ. லென்ஸை எஃப் 2.8-இல், அதாவது லென்ஸின் வாயை நன்றாகத் திறந்து வைத்து, 30 மீட்டரில் ஃபோகஸ் செய்தால், ஏறக்குறைய 15 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவுதான். தெருவின் நடுவே மட்டும் தெளிவு, மற்றதெல்லாம் மங்கல் என்பது அந்தத் தூரத்தில் சாதாரண லென்ஸால் நடக்காத காரியம். அப்படி ஒரு படத்தைப் பார்த்ததும் மூளை, இது கையகலப் பொருள், பக்கத்தில் நின்று எடுத்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிடுகிறது. மேலிருந்து கீழே பார்க்கிற கோணமும் அதற்கு ஒத்தாசை செய்யும். நம்ம ஊர் தட்டையான ஊர் என்பதால் உயரம் தேடி அலைய வேண்டியிருக்கிறது: ரதவீதி மாடிகள், ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் மேல்தளம், ஏதாவது லாட்ஜ் மொட்டைமாடி. மாஞ்சோலை ஏறும் வழியில் மணிமுத்தாறு அணை கீழே அருமையாகத் தெரியும், ஆனால் அது அனுமதியோடு போக வேண்டிய காட்டுப் பகுதி. ட்ரோன் விவகாரம் தனிக் கதை, அதை இதில் இழுக்கவில்லை.

சரி, போன் ஆப். ஸ்நாப்சீட் மாதிரி ஒன்றில் லென்ஸ் பிளர் எடுத்து, வட்டத்தைக் கோட்டுப் பட்டையாக மாற்றி, தேவையான இடத்தில் இழுத்து வைத்தால் வேலை முடிந்தது. பல கேமராக்களில் மினியேச்சர், டயோராமா என்ற பெயர்களில் உள்ளேயே இருப்பதும் இதேதான். படம் தட்டையான தரையாக இருந்தால், அதாவது தண்டவாளம், பஸ் ஸ்டாண்ட், ஆற்றில் குளிக்கிற கூட்டம் என்று இருந்தால், இதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தேர் வந்தால்தான் குட்டு வெளிப்படும். மேல ரதவீதி மாடியிலிருந்து எடுத்த ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: வடம் பிடிக்கிறவர்களின் தலைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், சக்கரமும் தெரியும். அதற்கு மேலே போகப் போக அதே தேரின் துணி அலங்காரம் கரைந்து, உச்சிக் கலசம் வெறும் மஞ்சள் தீற்றலாகிவிடும். தேரின் அடியும் உச்சியும் கேமராவுக்கு ஏறத்தாழ ஒரே தூரம்தானே, ஒன்று தெளிவாக இருந்தால் மற்றதும் இருக்க வேண்டாமா? நிஜமாகவே கையடக்கத் தேர் பொம்மையை, கிட்டப் போய் எடுப்பதற்கான மேக்ரோ லென்ஸில் எடுத்தால் கலசம் இப்படிக் கரையாது.

இதைக் காட்டித்தான், பார்த்தீர்களா, நிஜ லென்ஸ் வேண்டும் என்பார்கள். இங்கேதான் வேடிக்கை. நிஜ லென்ஸும் அச்சு அசலாக இதையேதான் செய்யும். கேனனின் டிஎஸ்-இ 24 மி.மீ. இரண்டாம் பதிப்பை (2009-இல் வந்தது, சாய்வு 8.5 டிகிரி, நகர்வு 12 மி.மீ.) பொம்மை எஃபெக்டுக்காகத் தரையை விட்டு மேல்நோக்கி, முழுச் சாய்வில் வைத்தால், தெளிவாக விழும் தளம் கேமராவுக்கு ஒரு சாண் உயரத்தில்கூட இல்லாத கோட்டிலிருந்து கிளம்பி நேரே தெருவுக்கு ஓடும். கணக்கு போட்டால் சுமார் 16 செ.மீ. வரும். அப்படியென்றால் அந்தத் தளம் கிட்டத்தட்ட நம் பார்வைக்கோட்டிலேயே படுத்துவிடுகிறது. படத்தில் அது கிடைமட்டமான ஒரு பட்டை, அவ்வளவுதான். அந்தப் பட்டைக்குள் பக்கத்துக் கம்பமும் தெளிவு, தூரத்துக் கோபுரமும் தெளிவு. பட்டைக்கு வெளியே போனால் தேர் உச்சியும் மங்கல்தான். லட்சத்தைத் தாண்டுகிற லென்ஸ், ஆப் போடுகிற அதே பட்டையைத்தான் கண்ணாடியால் போடுகிறது. சொல்லப்போனால், ஆப்காரர்கள் பட்டை போட்டதே இந்த லென்ஸைப் பார்த்துத்தான்.

வித்தியாசம் ஒன்று உண்டு, அது ராத்திரியில் தெரியும். சீரியல் செட் தொங்குகிற ரதவீதியை நிஜ லென்ஸில் எடுத்தால் மங்கல் பகுதியில் ஒவ்வொரு பல்பும் ஓரம் தெரிகிற ஒளிவட்டமாக விரியும். ஆப்பில் செய்தால் அழுக்குப் படிந்த கறைதான். காரணம் எளிது. போன் எடுத்த கோப்பில் அந்த பல்பு ஏற்கெனவே வெளிறி வெறும் வெள்ளையாகியிருக்கும், அது எத்தனை மடங்கு பிரகாசம் என்ற தகவலே அதில் இருக்காது. அந்த வெள்ளையைப் பக்கத்து இருட்டோடு சராசரி போட்டால் சாம்பல் நிறம் வராமல் என்ன வரும்? ரா கோப்பில் (சென்சார் பிடித்த தகவலைக் குறைக்காமல் வைத்திருக்கிற கோப்பு) எடுத்து, ஒளிப்புள்ளிகளைத் தனியாகத் தூக்குகிற வசதியுள்ள மென்பொருளில் செய்தால் இந்த இடைவெளி பெரும்பாலும் அடைபட்டுவிடும். ஃபோட்டோஷாப்பில் 2012-இல், சிஎஸ்6 பதிப்பில், டில்ட் ஷிஃப்ட் பிளர் வந்ததிலிருந்தே அது முடியும். தேர் ஓடுவது பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில்தான்.

ஆக, பொம்மை ஊருக்கு ஜெயிப்பது மூன்றாவது வழி: ஆழத்தைப் பார்த்து மங்கலாக்குவது. 2023-இல் லைட்ரூம் மென்பொருளில் வந்த லென்ஸ் பிளர், படத்தில் எது எவ்வளவு தூரம் என்று தானே ஊகித்து ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளும். இல்லையென்றால் எது தெளிவு, எது மங்கல் என்று பிரிக்கிற மாஸ்க்கை நாமே வரையலாம், அதற்கு ஜிம்ப் என்ற மென்பொருள் இலவசம்தான். தெருவுக்குப் பட்டை மாதிரி படிப்படியான மங்கல், தேரை மட்டும் அடியிலிருந்து கலசம் வரை வெட்டி எடுத்துத் தெளிவாக நிறுத்துவது. செய்து பாருங்கள், வெறும் பட்டை போட்ட படம் பக்கத்தில் நிற்காது. என்ன, பொறுமை வேண்டும். டவுன் தெருவில் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிற கரண்டு வயர்களைப் பார்த்தால் எந்தத் தானியங்கி ஊகமும் திணறும். ஒரே வயரின் பாதியைத் தேரோடு சேர்க்கும், மீதியைப் பின்னாடி வீட்டோடு தள்ளிவிடும், வயர் நடுவில் அறுந்த மாதிரி இருக்கும். தென்னங்கீற்றின் ஓரங்களில் ஒளிவளையம் பிடிக்கும். அதையெல்லாம் கையால் சின்ன பிரஷ் வைத்துத் திருத்தித்தான் ஆக வேண்டும்.

நடுவில் இரண்டு மலிவு வழிகள் இருக்கின்றன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்று, லென்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துச் சாய்த்து எடுப்பது. செலவு இல்லை, படம் கனவு மாதிரி வரும், ஒரே படம் இரண்டாவது தடவை வராது. ஆனால் லென்ஸ் முன்னால் நகர்ந்தாலே தூரத்து ஃபோகஸ் போய்விடும், அதனால் தெருக்காட்சிக்கு உதவாது. பழைய எஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) லென்ஸை மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத) கேமராவில் பிடித்தால் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே இடைவெளி நிறைய இருப்பதால் தப்பிக்கலாம், சாய்க்கிற அடாப்டர்கள் இருப்பதும் இந்த இடைவெளியை நம்பித்தான். இருந்தாலும் ஆடிக் காற்றில் அம்மியே பறக்கிற சீமையில் சென்சாரைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க எனக்கு மனசு வராது. இன்னொன்று, டிடிஆர்டிசான் 50 மி.மீ. எஃப் 1.4 மாதிரி சாய்வு மட்டும் உள்ள சீன லென்ஸ்கள், 8 டிகிரி சாயும், விலை 20,000 ரூபாய் வாக்கில். நகர்வு கிடையாது. ஆனால் கிட்டத்துப் பொருளுக்கு இது கொடுக்கிற சுகமே தனி. பத்தமடைப் பாயைத் தரையில் விரித்து, லென்ஸைச் சாய்த்து, பாயின் ஒரு சிவப்புக் கோட்டோடு மட்டும் தெளிவு ஓடுகிற மாதிரி வைத்துப் பாருங்கள். பின்னுகிறவர் விரலும் அந்தக் கோரையும் கத்தி மாதிரி இருக்கும், இரண்டு விரற்கடை தள்ளினால் எல்லாம் கரைந்துவிடும். பரீட்சை பண்ணிப் பார்க்க நினைக்கிறவர் வாங்க வேண்டியது இதைத்தான்.

இப்போது அந்த விலை உயர்ந்த லென்ஸ் எதற்கு என்ற கேள்வி. அதை மங்கலாக்குவதற்கு வாங்காதீர்கள், தெளிவாக்குவதற்கு வாங்குங்கள். லென்ஸைத் தரையை நோக்கிச் சாய்த்தால், தெளிவுத் தளம் தரையோடு படுத்துக்கொள்ளும். இதற்கான பிரிட்டிஷ் காப்புரிமையை 1901-இல் ஜூல் கார்பாந்தியேவும் 1904-இல் தியோடர் ஷைம்ப்ஃப்ளூக் என்ற ஆஸ்திரிய ராணுவ கேப்டனும் வாங்கினார்கள். பெயர் நிலைத்தது கேப்டனுக்கு. வானத்திலிருந்து எடுத்த படங்களின் கோணலைச் சரிசெய்யத்தான் அவர் மண்டையை உடைத்துக்கொண்டார், நாம் அதையே வைத்து ஊரைப் பொம்மையாக்குகிறோம்! கார் பருவத்தில், நாற்று பிடித்துப் பச்சை ஏறிய நேரத்தில், அம்பாசமுத்திரம் பக்கம் வரப்பில் அரை மீட்டர் உயரத்தில் கேமராவை வையுங்கள். 24 மி.மீ. லென்ஸில் 3 டிகிரிக்கும் குறைவான சாய்வு போதும், காலடி நெல்லிலிருந்து பொதிகை மலையடிவாரம் வரை ஒரே தளத்தில் தெளிவு. ஆளுயரத்தில் வைத்தால் 1 டிகிரியே போதும். இதையே சாதாரண லென்ஸில் ஃபோகஸை மாற்றி மாற்றிப் பல படம் எடுத்து மென்பொருளில் ஒட்டலாமே என்றால், ஒட்டலாம், காற்று நின்றால். ஆனி, ஆடியில் மேல்காற்று எங்கே நிற்கிறது? ஒவ்வொரு படத்திலும் நெல் வேறு வேறு பக்கம் சாய்ந்திருக்கும், ஒட்டினால் ஒரு கதிருக்கு மூன்று நிழல். சாய்வு லென்ஸ் ஒரே கிளிக்கில் முடித்துவிடும். வயலுக்கு நடுவே ஒரு பனைமரம் நின்றால் மட்டும் அதன் தலை மங்கும், அது தளத்துக்கு மேலே போய்விடுகிறது.

நகர்வு விஷயத்தில் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். பாளையில் ஊசிக் கோபுரம் என்கிற தேவாலயக் கோபுரம் இருக்கிறது, ரோட்டில் நின்று கேமராவைத் தூக்கினால் படத்தில் அது பின்னால் சாய்ந்துவிடும். நகர்வு லென்ஸ் இருந்தால் கேமராவை நேரே வைத்து, லென்ஸை மட்டும் மேலே ஏற்றி, கோபுரத்தைச் செங்குத்தாக நிறுத்தலாம். 35 மி.மீ. கேமராக்களுக்கு நிக்கான் 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்த வசதி இது. கேனன் 1973-இல் அதோடு சாய்வையும் சேர்த்தது. ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று, சுற்றிலும் இடம் விட்டு எடுத்து, மென்பொருளில் நிமிர்த்தினாலும் இன்றைய கேமராக்களில் தாராளமாகத் தேறும். உச்சி கொஞ்சம் இழுபடும், ஓரம் வெட்டுப்படும், ஆளுயரத்துக்கு அச்சுப் போடாதவரை யாருக்கும் தெரியாது. கட்டடம் எடுப்பதே தொழில் என்றால் வாங்கலாம். இங்கே வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் கல்யாண வேலைக்கான லென்ஸ் வகையறாதான், இதைச் சென்னையில் விசாரியுங்கள்.

அப்புறம் வீடியோ. மேலே மாஸ்க் வழியைத் தூக்கிப் பேசினேன், ஓடுகிற தேருக்கு அது ஒத்துவராது. தேர் நகர நகர மாஸ்க்கையும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே பழைய பட்டைதான் ராஜா. ஸ்டாண்டில் கேமராவை அசையாமல் நிறுத்தி, வினாடிக்கு ஒரு படம் எடுத்து, வினாடிக்கு 12 அல்லது 15 படமாக ஓட்டுங்கள், பட்டையை ஒருமுறை போட்டால் எல்லாப் படத்துக்கும் அதே போதும். வடம் பிடிக்கிறவர்கள் வெட்டி வெட்டி நகர்வார்கள், தேர் குலுங்கிக் குலுங்கி வரும், கலசம் மங்கலாக இருப்பதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ரதவீதியில் நல்ல மாடி கிடைப்பதுதான் பாடு. அன்றைக்குக் காலையில் போய்க் கேட்டால் வீட்டுக்காரர்களுக்கே நிற்க இடமிருக்காது, கொடியேறினதுமே போய்ச் சொல்லி வைத்துவிடுங்கள், படத்தையும் மறக்காமல் அவர்களுக்கு அனுப்பி வைத்தால் அடுத்த வருஷமும் மாடி உங்களுக்குத்தான்.